கடை நிலவரம் ஒரே தாளில்



‘டேஷ்போர்டு’ என்ற சொல் இப்போது மளிகைக் கடைகளுக்குள்ளும் வந்துவிட்டது. பில் போடும் கம்ப்யூட்டர் விற்க வருகிறவர் அதைத்தான் முதலில் திறந்து காட்டுகிறார். திரையில் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள், வட்டங்கள், இன்றைய விற்பனை, நேற்றைய விற்பனை. “அண்ணாச்சி, இனிமேல் கடை முழுக்க உங்கள் கைக்குள்” என்கிறார். வாங்கிப் போட்டவர்களில் பலர் இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. குறை மெஷினில் இல்லை. எந்த எண் என்ன சொல்கிறது, அதைப் பார்த்துவிட்டு நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

லாரியோ காரோ ஓட்டுகிறவருக்கு முன்னால் இருக்கும் பலகைக்குத்தான் டேஷ்போர்டு என்று பெயர். குதிரை வண்டிக் காலத்தில், குளம்பு கிளப்பும் சேறு வண்டிக்காரர் மேல் தெறிக்காமல் இருக்க முன்னால் அடித்து வைத்த பலகைக்கு இருந்த பெயர் அது. மோட்டார் வந்த பிறகு வேகம் காட்டும் முள்ளும் டீசல் காட்டும் முள்ளும் அதில் குடியேறின. லாரியில் எத்தனையோ பாகங்கள் ஓடுகின்றன. டிரைவர் பார்ப்பது நாலைந்து முள்களை மட்டும். நாமும் பேரேடு முழுவதையும் தினம் புரட்ட முடியாது. வருடம் முடிந்து ஆடிட்டர் ஐந்தொகை எழுதித் தரும்போது தெரிந்துகொள்ளலாம் என்று இருந்தால், டீசல் தீர்ந்து வண்டி நின்ற பிறகு முள்ளைப் பார்த்த கதைதான். ஆகவே வாரம் ஒரு முறை ஒரே தாளில் பார்த்துவிடக் கூடிய சில எண்கள் வேண்டும். அவை கம்ப்யூட்டரில் இருந்தாலும் சரி, கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் அட்டையில் இருந்தாலும் சரி.

விற்பனை மட்டும் பார்த்தால் போதுமா?

இரவு கடை கட்டும்போது நம்மில் பெரும்பாலோர் பார்ப்பது ஒரே ஓர் எண்ணைத்தான். இன்று எவ்வளவு விற்றது? நேற்றைவிடக் கூட என்றால் நிம்மதி, குறைவென்றால் கவலை.

அந்த ஓர் எண்ணை நம்பி நடந்த கடைகள் எப்படி மூடப்படுகின்றன என்பதை மொத்த வியாபாரத்தில் இருப்பவர்கள் அறிவோம். கடையில் கூட்டம் இருக்கும். விற்பனையும் ஏறிக்கொண்டிருக்கும். ஆனால் எங்களுக்கு வர வேண்டிய பணம் தள்ளிப் போகும். 15 நாளில் வந்துகொண்டிருந்தது 20 ஆகும், பிறகு 27 ஆகும். பில்லுக்குப் பில் தீர்த்து வந்தவர், “கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்” என்று ஐயாயிரம், பத்தாயிரம் என்று ரவுண்டாகக் கொடுக்கத் தொடங்குவார். இந்த இரண்டு அடையாளங்களும் சேர்ந்து வந்தால், அந்தக் கடையில் முதல் கரைகிறது என்று மொத்தக் கடைக் கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்துவிடும். கடைக்காரருக்குத் தெரியாது. அவர் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்; கல்லாவில் பணம் இருக்கிறது. அது யாருடைய பணம் என்பதைக் கல்லா சொல்லாது.

விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். நடுத்தரமான ஊரில் ஒரு மளிகைக் கடை. முதலாளியும் அவர் மனைவியும் மாறி மாறி உட்காருகிறார்கள். இரண்டு பையன்கள் வேலைக்கு. வரி நீக்கி மாத விற்பனை 6,00,000 ரூபாய். விற்ற சரக்கின் அடக்க விலை, லாரி வாடகை, ஏற்று கூலி, இறக்கு கூலி உட்பட 5,28,000. மொத்த லாபம் 72,000, அதாவது விற்பனையில் 12 சதவீதம். கடை வாடகை 14,000, பையன்கள் சம்பளம் 26,000, கரண்ட் பில் 5,000, கவர், ஆட்டோ, போன் போன்ற சில்லறைச் செலவுகள் 4,000. ஆகச் செலவு 49,000. நிகரமாக நிற்பது 23,000.

மோசம் இல்லை என்று தோன்றும். வீட்டுக்கு எடுப்பதைப் பார்ப்போம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், சீட்டு, மருந்து, விசேஷச் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 கல்லாவிலிருந்து போகிறது. அதுபோக அரிசி, எண்ணெய், பருப்பு என்று எழுதாமல் வீட்டுக்குப் போகும் சரக்கு 5,000. ஆக 30,000. இருபத்துமூன்று சம்பாதித்து முப்பது எடுக்கிறார். மாதம் 7,000 முதலிலிருந்து போகிறது, வருடத்துக்கு 84,000. இதில் திருட்டு இல்லை, ஏமாற்று இல்லை, ஊதாரித்தனமும் இல்லை. மாதம் 7,000 குறைவது கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் மொத்தக் கடைக்காரர் கொடுக்கும் கடன் அந்தப் பள்ளத்தை மூடிவிடுகிறது. மூன்று வருடம் கழித்து, “வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது, எப்படி இவ்வளவு கடன் வந்தது என்று தெரியவில்லை” என்பார். அவர் சொல்வது உண்மை. அவருக்குத் தெரிவதற்கு வழி இருக்கவில்லை.

தாளில் எழுத வேண்டியவை

முதலில் விற்பனை. அதை ஒரே தொகையாக எழுதக் கூடாது. ரொக்கம், யு.பி.ஐ., பாக்கி என்று மூன்றாகப் பிரித்து எழுத வேண்டும். யு.பி.ஐ. பணம் கல்லாவுக்கு வருவதில்லை. நேரே பாங்கிக்குப் போகிறது. பாக்கி விற்பனை எங்கும் வரவில்லை, நோட்டில் மட்டும் இருக்கிறது. மூன்றையும் கூட்டி ‘இன்று இருபதாயிரம் வியாபாரம்’ என்று மகிழ்வதில் பொருள் இல்லை. ஜி.எஸ்.டி.யைக் கழித்தே எழுத வேண்டும். அது அரசாங்கத்தின் பணம், சில நாள் நம்மிடம் தங்கிப் போகிறது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது வேறு. அவர்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்க முடியாது, கொள்முதலில் கட்டிய வரியையும் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே கொள்முதல் வரியை அடக்கத்தோடு சேர்த்துவிட்டு, தாங்கள் கட்டும் 1 சதவீதத்தைச் செலவில் எழுதிக்கொள்ள வேண்டும்.

விற்பனையை ரூபாயில் மட்டும் பார்ப்பதிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய்க்கு இறக்குமதி வரியை உயர்த்தினார்கள், எண்ணெய் விலை ஏறியது. அப்போது அதே எண்ணிக்கை டின் விற்ற கடையிலும் விற்பனைத் தொகை ஏறியது போலத்தான் தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் நடந்தது இதற்கு நேர்மாறு. சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தடவும் எண்ணெய் வகைகள், பிஸ்கட் என்று பலவற்றுக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. பாக்கெட் விலை இறங்கியது. வரியோடு சேர்த்து விற்பனையை எழுதி வந்த கடையில், அதே எண்ணிக்கை விற்றும் வியாபாரம் விழுந்துவிட்டது போலத் தெரியும். எனவே முக்கியமான நாலைந்து சரக்குகளுக்காவது, அரிசி இத்தனை சிப்பம், எண்ணெய் இத்தனை டின், சர்க்கரை இத்தனை மூட்டை என்று எண்ணிக்கையை ஒரு வரியில் எழுதிவைப்பது நல்லது. பில்களின் எண்ணிக்கையையும் எழுதலாம். தொகை ஏறி பில் எண்ணிக்கை இறங்கினால், விலைவாசிதான் ஏறியிருக்கிறது, வாடிக்கையாளர் குறைகிறார் என்று பொருள்.

அடுத்தது மொத்த லாப விகிதம். இதில் அடிக்கடி நடக்கும் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். 100 ரூபாய்க்கு வாங்கி 112-க்கு விற்றால் 12 சதவீத லாபம் என்று வாய்க்கணக்காகச் சொல்கிறோம். அது அடக்கத்தின் மேல் 12. விற்பனையின் மேல் பார்த்தால் 10.7 தான். வாடகையும் சம்பளமும் விற்ற பணத்திலிருந்துதான் கொடுக்கிறோம் என்பதால், தாளில் எழுத வேண்டியது விற்பனையின் மேல் உள்ள விகிதம். இந்த வித்தியாசம் தெரியாமல் தள்ளுபடி கொடுப்பது ஆபத்து. 100-க்கு வாங்கி 20 சதவீதம் ஏற்றி 120 என்று வைத்து, பண்டிகைக்கு 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் கைக்கு வருவது 96.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருமான வரிக்கு உத்தேச லாபமாக 8 சதவீதம், பாங்கி வழியாக வந்த விற்பனைக்கு 6 சதவீதம் என்று காட்டுகிறோம் அல்லவா? பல வருடம் அப்படியே காட்டிக் காட்டி, அதுதான் நம் லாபம் என்று நம்பியவர்கள் இருக்கிறார்கள். அது வரி போடுவதற்காகச் சட்டம் வைத்துக்கொண்ட கணக்கு. நம் கற்பனைக் கடையின் நிகர லாபம் 4 சதவீதத்தைத் தொடவில்லை.

ஒவ்வொரு பில்லுக்கும் அடக்கம் தெரியாத கடையில் மொத்த லாபத்தை எப்படிக் காண்பது? பழைய முறையே போதும். மாத ஆரம்ப இருப்பு 4,50,000. மாதக் கொள்முதல் 5,23,000. இரண்டும் சேர்ந்து 9,73,000. மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்த இருப்பு 4,40,000. கழித்தால் 5,33,000 ரூபாய்ச் சரக்கு கடையை விட்டு வெளியே போயிருக்கிறது. இதில் வீட்டுக்குப் போன 5,000-ஐ நீக்கினால் விற்ற சரக்கின் அடக்கம் 5,28,000.

அந்த 5,000-ஐ எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். மொத்த லாபம் 72,000-க்குப் பதில் 67,000 என்று வரும். 12 சதவீதம் 11.17 ஆகத் தெரியும். எங்கே போயிற்று என்று தேடுவோம். எடையில் தவறா, மூட்டையில் குறைவா என்று பார்ப்போம். கடைசியில் சந்தேகம் வேலைக்கு நிற்கும் பையன் மேல் போய் விழும். வருடக்கணக்கில் உண்மையாக உழைத்த பையனை இப்படிச் சந்தேகப்பட்டு அனுப்பிவிட்டு, பிறகும் லாபம் 11-லேயே நிற்கும் கடைகள் உண்டு. வீட்டுக்கு எடுக்கும் சரக்கை அடக்க விலையில் ஒரு நோட்டில் எழுதுவது வீட்டாரைச் சந்தேகிப்பதற்காக அல்ல. கணக்கு நேராக நிற்பதற்காக. இதை வீட்டில் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது சரக்கு இருப்பு நாள். இருப்பை மாத அடக்கத்தால் வகுத்து 30-ஆல் பெருக்க வேண்டும். நம் கடையில் 4,40,000-ஐ 5,28,000-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்கினால் 25 நாள். அதாவது இன்று வாங்கிய சரக்கு சராசரியாக 25-ஆம் நாள் விற்கிறது. ஆனால் சராசரி என்பது பாதி உண்மைதான். அரிசியும் எண்ணெயும் எட்டுப் பத்து நாளில் போய்விடும். மேல் தட்டில் பிளாஸ்டிக் சாமான், பரிசுப் பொருள், ஒரு ஸ்கீமுக்காக வாங்கிப் போட்ட பவுடர் டப்பா என்று 1,20,000 ரூபாய்ச் சரக்கு மூன்று மாதத்துக்கு மேல் தூங்கும். இரண்டு வட்டிக்குப் பணம் புரட்டுகிறவருக்கு அந்தத் தூக்கத்தின் விலை மாதம் 2,400 ரூபாய். ஆகவே மொத்த இருப்பு நாளுக்குப் பக்கத்தில், ‘90 நாளுக்கு மேல் உள்ள சரக்கு’ என்று ஒரு தொகையையும் எழுத வேண்டும்.

லாபத்தையும் சுழற்சியையும் சேர்த்துப் பார்ப்பதை அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியில் 1910-களில் டொனால்ட்சன் பிரவுன் என்ற அலுவலர் ஒரு சூத்திரமாகவே எழுதிவைத்தார். இன்றும் காமர்ஸ் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். நம் பெரியவர்கள் ‘கொஞ்ச லாபம், நிறைய நடை’ என்று சொன்னதும் அதுவே. சர்க்கரையில் 3 சதவீதம்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஆறு தடவை சுழன்றால், அதில் போட்ட நூறு ரூபாய் மாதம் 18 ரூபாய் கொண்டுவருகிறது. பரிசுப் பொருளில் 25 சதவீதம் கிடைக்கும். ஆனால் ஐந்து மாதத்துக்கு ஒரு தடவைதான் சுழல்கிறது என்றால், மாதத்துக்கு 5 ரூபாய்தான். சர்க்கரை விற்றுப் பயன் இல்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள் இதை ஒரு தரம் போட்டுப் பார்க்கலாம்.

பாக்கியின் வயது

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், மளிகைக் கடையைத் தூக்கி நிறுத்துவதும் சாய்ப்பதும் இதுவே. பாக்கி கொடுக்காமல் தெருக்கடை நடத்த முடியாது. பெரிய சூப்பர் மார்க்கெட்டும், போனில் கேட்டால் பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் கம்பெனிகளும் தர முடியாத ஒன்று நம்மிடம் இருக்கிறதென்றால், அது முகம் பார்த்துக் கொடுக்கும் கடன். அதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அதன் வயதைப் பாருங்கள் என்கிறேன்.

நம் கடையில் மாதம் 1,80,000 ரூபாய்க்குப் பாக்கி விற்பனை. நோட்டில் நிலுவை 3,00,000. வகுத்து 30-ஆல் பெருக்கினால் 50 நாள். சம்பளம் வாங்கியதும் தருகிறேன் என்று சொல்லி வாங்கும் பாக்கி 30 நாளில் திரும்ப வேண்டும். 50 நாள் ஆகிறதென்றால் நோட்டில் வராத பணம் கலந்து கிடக்கிறது. நிலுவையை வயது பிரித்து எழுதினால் தெரியும். 30 நாளுக்குள் 1,40,000. 31 முதல் 60 வரை 70,000. 61 முதல் 90 வரை 35,000. 90-க்கு மேல் 55,000. மூன்று லட்சம் என்று பார்த்தபோது வராத கவலை, கடைசி 55,000-ஐப் பார்க்கும்போது வரும். அந்தத் தொகைக்கு எதிரே பெயர்களை எழுதுங்கள். ஏழெட்டுப் பெயருக்கு மேல் இருக்காது. அவர்களில் இரண்டு பேர் வேறு கடைக்கு மாறியிருப்பார்கள். ஒருவர் வீட்டையே மாற்றியிருப்பார்.

ஆயிரம் ரூபாய் பாக்கி வராமல் போனால் நமக்குப் போவது என்ன? அடக்கம் 880 ரூபாய். 12 சதவீத லாபத்தில் அதைத் திரும்பச் சம்பாதிக்க 7,333 ரூபாய்க்குப் புதிதாக விற்க வேண்டும். 55,000-உம் போனால் அடக்கம் 48,400. ஈடுகட்ட நான்கு லட்சத்துக்கு மேல் விற்பனை வேண்டும். வாடகையும் சம்பளமும் போக நிற்கும் லாபத்தைக் கொண்டு கணக்கிட்டால் இன்னும் எவ்வளவோ ஆகும்.

“பாக்கியைத் தாராளமாக்கினால் விற்பனை பத்து சதவீதம் ஏறும்” என்பது பலருடைய எண்ணம். ஏறும்தான். மாதம் 60,000 கூடுகிறது. மொத்த லாபத்தில் 7,200 கூடுகிறது. ஆனால் அது முழுவதும் பாக்கி விற்பனை, 50 நாளில் வசூலாகிறது என்றால், 1,00,000 ரூபாய் எப்போதும் நோட்டில் நிற்கும். கைமாற்று வாங்கி அதைத் தாங்கினால் மாதம் 2,000 வட்டி. மிஞ்சும் 5,200-க்காக, வருடத்தில் ஒரே ஒரு மாதத்துப் பாக்கி முழுதாக வராமல் போனால் 52,800 நட்டம். பத்து மாத லாபம் அதில் போய்விடும்.

கொடுக்க வேண்டியதும் கையிருப்பும்

நாம் கொடுக்க வேண்டிய பாக்கி 2,64,000, ஏறத்தாழ 15 நாள் கொள்முதல். இதை மொத்தமாக எழுதுவதைவிட, வரும் ஏழு நாளில் யாருக்கு எந்தக் கிழமை எவ்வளவு என்று எழுதுவதே பயன் தரும். அதற்கு நேர் எதிரே கல்லா ரொக்கமும் பாங்கி இருப்பும். ஏழு நாள் வசூலைச் சேர்த்தாலும் எட்டாது என்று திங்கட்கிழமையே தெரிந்தால், மொத்தக் கடைக்காரரிடம் போன் செய்து நாள் கேட்கலாம். வெள்ளிக்கிழமை வசூல் பையன் வந்து நிற்கும்போது சொல்வதற்கும், திங்கட்கிழமையே நாமாகச் சொல்வதற்கும் மரியாதையில் எவ்வளவு வித்தியாசம் என்று மொத்த வியாபாரியாகிய நான் சொல்கிறேன். முன்கூட்டிச் சொல்கிறவருக்குச் சரக்கு நிற்காது.

வரவு செலவு பார்த்து வருமான வரி கட்டுகிறவர்களுக்கு இதில் இன்னொரு விஷயமும் உண்டு. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்களாகிய எண்ணெய் மில், பருப்பு மில் போன்றவர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். தவறி, அந்தப் பாக்கி வருடக் கடைசியிலும் நின்றால், அந்த ஆண்டில் அதைச் செலவாகக் கழிக்க முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் முடியும். 2023-24 கணக்காண்டு முதல் வந்த ஏற்பாடு இது. விவரத்தை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நலம்.

சரக்கில் 4,40,000, வர வேண்டிய பாக்கியில் 3,00,000, இவற்றிலிருந்து நாம் தர வேண்டிய 2,64,000-ஐக் கழித்தால் 4,76,000. கடையில் நம் பணம் இவ்வளவு முடங்கியிருக்கிறது. மாதா மாதம் இந்தத் தொகையை எழுதிவாருங்கள். விற்பனை ஏறாமல் இது மட்டும் ஏறினால், பணம் தட்டிலோ நோட்டிலோ போய்த் தங்குகிறது.

மொத்த வியாபாரிகளுக்கு இதே தாள்தான், ஆனால் ஒன்று கூட வேண்டும். மிளகாய், மஞ்சள், புளி போன்றவற்றில் இருப்பு வைத்து விலை ஏறியதால் வந்த லாபத்தையும், அன்றாடம் வாங்கி விற்ற லாபத்தையும் தனித்தனியே எழுத வேண்டும். விலை ஏறிய வருடத்தின் லாபத்தைப் பார்த்துக் குடோனை விரித்து, ஆள் சேர்த்து, அடுத்த வருடம் விலை இறங்கியதும் மூச்சு முட்டியவர்கள் நம் வர்த்தகத்தில் நிறைய. கமிஷன் லாபத்தில் குடோன் வாடகை அடைகிறதா என்பதே கேள்வி.

எதோடு ஒப்பிடுவது?

எண் தனியாக நின்றால் பேசாது. பக்கத்தில் இன்னொன்று வேண்டும். போன மாதத்தோடு ஒப்பிடலாம் என்றால், ஆடியையும் ஆவணியையும் ஒப்பிட்டு என்ன தெரியும்? போன வருடம் இதே மாதம் என்பது மேல். அதிலும் பண்டிகை இடறும். தீபாவளி 2023-இல் நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. ஆகவே 2024 அக்டோபரில் விற்பனை துள்ளியது போலவும், நவம்பரில் படுத்துவிட்டது போலவும் கம்ப்யூட்டர் காட்டியிருக்கும். அதற்குத் தீபாவளி தெரியாது. தீபாவளிக்கு முந்தைய நான்கு வாரம், பொங்கலுக்கு முந்தைய மூன்று வாரம் என்று எடுத்து, போன வருடத்து அதே வாரங்களோடு வைத்துப் பார்ப்பதே நமக்குப் பொருந்தும்.

ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் எல்லை வைத்து, அதை மீறினால் என்ன செய்வது என்பதையும் முன்பே தாளில் எழுதிவிட வேண்டும். மொத்த லாபம் 11-க்குக் கீழ் போனால் மூன்று நாளுக்குள் இருப்பு எண்ணுவது. பாக்கி நாள் 50-ஐத் தாண்டினால் 60 நாள் பாக்கிக்காரர்களுக்குப் புதிய பாக்கி நிறுத்துவது. தூங்கும் சரக்கு லட்சத்தைத் தாண்டினால் கம்பெனி ரெப் எந்த ஸ்கீம் கொண்டுவந்தாலும் தாளைக் காட்டி மறுப்பது. முகத்துக்காகச் சரி என்று சொல்லும் பழக்கம் நமக்கு அதிகம். தாள் சொல்கிறது என்றால் மறுப்பது சுலபம்.

கம்ப்யூட்டரா, நோட்டா?

எதுவானாலும் சரி. டாலி பிரைமின் புதிய பதிப்புகளில் டேஷ்போர்டு என்றே ஒரு பக்கம் இருக்கிறது. பாக்கியின் வயதும் அதில் எடுக்கலாம். எக்செல் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அரை நாளில் போட்டுத் தந்துவிடும். ஆனால் மெஷின் காட்டுவது நாம் கொடுத்ததைத்தான். கொள்முதல் பில்லைப் பத்து நாள் ஆணியில் குத்தி வைத்துவிட்டு விற்பனையை மட்டும் போட்டால், இருப்பு மைனசில் நிற்கும். புழு விழுந்து கொட்டிய பருப்பையும், எலி கடித்த மூட்டையையும் எழுதாவிட்டால், இல்லாத சரக்கு திரையில் இருந்துகொண்டே இருக்கும். கடை முழுவதையும் ஒரே நாளில் எண்ண முடியாது என்றால், தினம் மதியம் ஒரு தட்டு என்று எண்ணிவந்தால் மாதத்தில் ஒரு சுற்று வந்துவிடும்.

தாளை எழுதுவதற்கு ஒரு கிழமையை வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரம் மந்தமான மதியம் ஒரு மணி நேரம் போதும். விற்பனையும் கையிருப்பும் தினம், பாக்கியும் கொடுக்க வேண்டியதும் வாரம், லாப விகிதமும் இருப்பு நாளும் மாதம் என்று வைத்தால் பளு தெரியாது. உட்காரும் இருவரும் எழுதப் பழக வேண்டும். கடையின் நிலவரம் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கக் கூடாது. முதல் இரண்டு மாதம் எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. விட்டுப்போன பில், எழுதாத கைமாற்று, இரண்டு தடவை எழுதிய பாக்கி என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அவற்றைத் திருத்திக்கொண்டே போனால் மூன்றாம் மாதத் தாள் கொஞ்சம் நம்பும்படி இருக்கும். எல்லைகளை அந்தத் தாளை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.